கூகுளில் 'காஞ்சிபுரம் பட்டு' என்று தேடினால் பிள்ளையார்பாளையத் தறி ஏன் கண்ணில் படுவதில்லை?

வீட்டில் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. அடுத்து முகூர்த்தப் புடவை. முன்பு என்ன செய்வோம்? பக்கத்து வீட்டு அக்காவிடம் "நீங்க எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று கேட்போம். இப்போது சோபாவில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து, 'காஞ்சிபுரம் பட்டு சேலை விலை' என்று தட்டுகிறோம். கண் இமைப்பதற்குள் பதில் வந்து நிற்கிறது. படம், விலை, நட்சத்திரக் குறி, தள்ளுபடி எல்லாம் சேர்த்து.

அதே நேரம் சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்குள் ஒருவர் குழித்தறியில் உட்கார்ந்து அப்படி ஒரு சேலையின் முந்தியை நெய்துகொண்டிருப்பார். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலை முடிய பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அவரிடமும் போன் இருக்கிறது. அவரும் கூகுள் பார்க்கிறார். ஆனால் நீங்கள் தேடும்போது அவர் வருவதில்லை.

ஏன்? இதில் கூகுளின் பங்கு எவ்வளவு, சட்டத்தின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு? கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கூகுளுக்குத் தறிச் சத்தம் கேட்காது

கூகுள் ஊரில் இறங்கி, தெருத் தெருவாகப் போய் யார் நெய்கிறார் என்று விசாரிப்பது கிடையாது. அதன் நிரல்கள் இணையத்தில் உள்ள பக்கங்களை ஓயாமல் படிக்கின்றன. படித்ததை ஒரு பெரிய அட்டவணை போலச் சேமித்து வைக்கின்றன. நீங்கள் கேட்டதும் அந்த அட்டவணையில் இருந்து பொருத்தமானதை எடுத்து வரிசைப்படுத்திக் கொடுக்கின்றன. இணையத்தில் பக்கமே இல்லாத ஒருவர் அந்த அட்டவணையில் இல்லை. இருக்கிற வரிசையில் பின்னால் நிற்கிறார் என்று கூடச் சொல்ல முடியாது, வரிசைக்கே வரவில்லை.

சரி, வரிசை எப்படித் தீர்மானமாகிறது? 1998-ல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்த முக்கியமான யோசனை இதுதான்: ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன, சுட்டிக்காட்டுபவை எவ்வளவு மதிப்புள்ளவை என்று கணக்கிடு. பேஜ்ரேங்க் என்று அதற்குப் பெயர். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், நாலு பெரிய மனுஷங்க கைகாட்டுற கடைதான் நல்ல கடை. இன்று அதோடு நூற்றுக்கணக்கான அம்சங்கள் சேர்ந்துவிட்டன. பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது, போனில் சரியாகத் தெரிகிறதா, நீங்கள் எந்த ஊரில் இருந்து தேடுகிறீர்கள் என்று பட்டியல் நீளும். ஆனாலும் அடிப்படை மாறவில்லை. ஏற்கெனவே பேசப்படுகிறவர் மேலும் பேசப்படுவார்.

பிள்ளையார்பாளையத்தில் நெய்கிறவர் பெரும்பாலும் நேரடியாக விற்பவரும் அல்ல. கூட்டுறவுச் சங்கமோ, தறி முதலாளியோ பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார்கள். நெய்து கொடுத்தால் கூலி. சேலை சங்கத்துக்கோ கடைக்கோ போய்விடும். நெய்தவர் பெயர் சேலையோடு பயணம் செய்வதில்லை. இந்த ஏற்பாடு கூகுளுக்கு வெகுகாலம் முன்பே இருந்து வருவது. அதற்குக் கூகுள் மீது பழி போட முடியாது. கடைக்குள் மறைந்திருந்த நெசவாளர் இப்போது போன் திரைக்குள்ளும் மறைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

(மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2015 முதல் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருக்கிறார். அதனால் தமிழ்நாட்டுத் தறிக்குச் சலுகை கிடைக்குமா என்று சிலர் விளையாட்டாகக் கேட்பதுண்டு. அப்படி எதுவும் இல்லை!)

மேலே வரும் முதல் சில வரிகள் யாருடையவை?

தேடல் பக்கத்தின் உச்சியில் வருபவற்றில் பல 'ஸ்பான்சர்டு' என்ற சின்ன எழுத்தோடு வரும். அவை விளம்பரங்கள். அவசரத்தில் பலர் அந்த எழுத்தைக் கவனிப்பதில்லை, முதலில் இருப்பதைத் தொட்டுவிடுகிறார்கள்.

இந்த விளம்பர முறை 2000-ல் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் வந்தது. இப்போது கூகுள் ஆட்ஸ். நடப்பது ஒருவகை ஏலம். 'காஞ்சிபுரம் பட்டு' என்று யாராவது தேடினால் என் கடையைக் காட்டு, ஒருவர் தொட்டால் இவ்வளவு தருகிறேன் என்று கடைகள் விலை சொல்லும். நீங்கள் தேடிய அந்த நொடியில் ஏலம் நடந்து முடிந்துவிடும். பணம் மட்டும் போதாது, விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, தொட்டால் போகும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்பதையும் கூகுள் பார்க்கும். ஆனால் பணம் இல்லாமல் இந்த ஏலத்துக்குள் நுழையவே முடியாது.

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2024-ல் ஈட்டிய வருவாய் சுமார் 350 பில்லியன் டாலர். அதில் சுமார் 265 பில்லியன், அதாவது முக்கால் பங்கு, விளம்பரத்தில் வந்தது. நமக்குத் தேடல் இலவசம் என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். காசு கட்டுவது கடைக்காரர். அவர் அதை எங்கிருந்து எடுப்பார்? சேலை விலையில் இருந்துதான். கல்யாண சீசனில் ஒரே சொல்லுக்குப் பல கடைகள் மோதும்போது விளம்பரச் செலவும் ஏறும். அந்தச் செலவு ஏறியது என்பதற்காக நெசவுக் கூலி ஏறுவதில்லை.

ஒரு சின்ன யோசனை. விளம்பரத்தின் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டால் விளம்பரம் கொடுத்தவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார் என்ற விவரம் வரும். 'காஞ்சிபுரம்' என்று தலைப்பில் போட்டவர் உண்மையில் யார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

'காஞ்சிபுரம்' என்ற சொல் யாருக்குச் சொந்தம்?

விவகாரத்தின் மையம் இதுதான்.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் அமலுக்கு வந்த சட்டத்தின் கீழ், இந்தியாவில் முதலில் பதிவானவற்றில் காஞ்சிபுரம் பட்டும் ஒன்று. 2005-06 பட்டியலில் அது இருக்கிறது. பதிவேடு இருக்கும் அலுவலகமும் வேறெங்கோ இல்லை, சென்னை கிண்டியில்தான். குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட முறையில் நெய்ததற்கு மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். பொய்யாகப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது.

இதற்கும் முந்தைய சட்டம் ஒன்றும் உண்டு. 1985-ம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம். கரை வைத்த பட்டுச் சேலை உள்ளிட்ட 11 ரகங்களை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்கிறது அது. இருந்தும் வெளியூர் விசைத்தறிச் சேலைகள் காஞ்சிபுரம் பெயரில் விற்கப்படுகின்றன என்பது இந்த ஊர் நெசவாளர்களின் நெடுநாள் புகார்.

சரி, கடைப் பலகையில் பொய்யாக எழுதினால் குற்றம். தேடல் விளம்பரத்தில் 'காஞ்சிபுரம்' என்ற சொல்லை விலைக்கு வாங்கினால்? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சொல் சேலையின் மேல் எழுதப்படவில்லை. விளம்பரத்தில்கூட இல்லாமல் போகலாம். ஏலத்தில், திரைக்குப் பின்னால், நீங்கள் தேடுவதைப் பிடிக்கும் தூண்டிலாக மட்டும் இருக்கிறது.

கிட்டத்தட்ட இதே கேள்வி வேறொரு பெயருக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. பாரத்மேட்ரிமோனி தளத்தை நடத்தும் சென்னை நிறுவனம், அப்போது கன்சிம் இன்ஃபோ என்ற பெயரில் இருந்தது, கூகுள் மீதும் போட்டித் திருமணத் தளங்கள் மீதும் வழக்குப் போட்டது. எங்கள் பெயரைத் தேடினால் போட்டியாளர் விளம்பரம் வருகிறது, எங்கள் வணிகக் குறியைச் சொல்லாக விற்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். 2010 செப்டம்பரில் இடைக்காலத் தடை கொடுக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. 'பாரத்', 'மேட்ரிமோனி' போன்றவை தொழிலை விவரிக்கும் பொதுச் சொற்கள் என்பது அதில் ஒரு முக்கியக் காரணம்.

13 வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் வேறு ஒரு வழக்கில் இன்னும் கொஞ்சம் தெளிவாகப் பேசியது. பொருள்களைப் பேக் செய்து ஏற்றி அனுப்பும் ஒரு நிறுவனத்தின் வழக்கு அது. அடுத்தவரின் வணிகக் குறியை விளம்பரச் சொல்லாக வாங்குவதும் அந்தக் குறியைப் 'பயன்படுத்துவது'தான். கூகுள் இதில் சும்மா இடம் கொடுக்கும் ஆள் இல்லை, தானும் பங்கெடுக்கிறது. ஆனால் வாங்கியது மட்டுமே குற்றமாகாது, வாடிக்கையாளர் குழம்பிப்போகும்படி இருந்தால்தான் மீறல். தீர்ப்பின் சாரம் இது.

இரண்டு வழக்குகளும் தனி நிறுவனங்களின் வணிகக் குறி பற்றியவை. புவிசார் குறியீடு ஒரு ஊருக்கே சொந்தமான பெயர். காஞ்சிபுரத்தில் நெய்த உண்மையான சேலையை விற்கும் டெல்லிக் கடைக்காரரும் அந்தச் சொல்லை விளம்பரத்தில் வாங்கலாம், அதில் தப்பே இல்லை. பொய்ச் சேலை விற்பவரும் அதே ஏலத்தில் அதே சொல்லுக்குத்தான் விலை சொல்கிறார். ஏலம் நடக்கும் அந்த அரை நொடியில் யார் சேலை தறியில் வந்தது என்று யார் பார்ப்பது? என் பார்வையில் இதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய ஓட்டை. ஒரு தனி நெசவாளரால் இதை எதிர்த்து வழக்கு நடத்த முடியாது. சங்கங்களும் அரசும்தான் செய்யணும்.

காஞ்சிபுரமா, காஞ்சிவரமா, காஞ்சீவரமா?

இன்னொரு வேடிக்கை. நாம் காஞ்சிபுரம் என்கிறோம். வெள்ளைக்காரன் காலத்தில் கான்ஜீவரம் என்று எழுதினார்கள். வடக்கே இன்றும் காஞ்சீவரம்தான். மும்பையிலோ டெல்லியிலோ ஒருவர் 'காஞ்சீவரம் சாரி' என்று தேடும்போது, அது ஒரு ஊரின் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது. அது ஒரு ரகத்தின் பெயர், அவ்வளவுதான். ஊர்ப் பெயர் ஊரை விட்டுக் கழன்றுகொள்ளும் இடம் இது.

இந்த எழுத்துகள் எல்லாம் ஒரே பொருளைக் குறிக்கின்றன என்று கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. ஆனால் முடிவுகள் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. நீங்களே சோதித்துப் பாருங்கள். தமிழில் 'காஞ்சிபுரம் பட்டு' என்று ஒருமுறை, ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரோடு ஒருமுறை, 'காஞ்சீவரம்' என்று ஒருமுறை. மூன்றிலும் மேலே வருபவர் ஒருவரேதானா என்று பாருங்கள்.

தமிழில் தேடுவதற்கு வசதி வந்தே ரொம்ப வருஷம் ஆகவில்லை. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011-ல் வந்தது. தமிழில் பேசித் தேடும் வசதி 2017-ல். தமிழ் இணையப் பக்கங்களில் கூகுள் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்க 2018-ல்தான் வழி பிறந்தது. அதுவரை தமிழில் சேலை பற்றி எழுதியவருக்கு ஆசை மட்டும்தான் கூலி. தமிழில் நல்ல பக்கங்கள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேப் கொண்டுவந்து விடும் இடம்

பிள்ளையார்பாளையத்துக்கு வெளியூர்க்காரர்கள் வராமல் இல்லை. கயிலாசநாதர் கோயில் இருப்பது இந்தப் பக்கத்தில்தான். 8-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கோயில். காரில் வருகிறவர்கள் கூகுள் மேப்பைப் போட்டுக்கொண்டு, நெசவாளர் வீடுகள் இருக்கும் பகுதியைக் கடந்து கோயிலுக்குப் போவார்கள். சாமி கும்பிட்டு, போட்டோ எடுத்து, திரும்பி வரும்போது 'அருகில் பட்டுச் சேலைக் கடை' என்று தேடுவார்கள். மேப் பெரிய கடைகள் இருக்கும் காந்தி ரோடு பக்கம் அழைத்துக்கொண்டு போய்விடும்.

முன்பு இந்த வேலையைக் கோயில் வாசலில் நிற்கும் புரோக்கர் செய்தார். "வாங்க சார், நெசவாளர் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, கமிஷன் தரும் கடைக்குக் கூட்டிப்போவார். மேப் வந்த பிறகு அவருக்குக் கொஞ்சம் வேலை குறைந்திருக்கும். ஏமாறுவதும் ஓரளவு குறைந்திருக்கலாம். இதை மேப்புக்கு நல்ல மதிப்பெண்ணாகவே போடலாம்.

மேப்பில் எந்தக் கடை முதலில் வரும் என்பதற்குக் கூகுள் மூன்று காரணங்கள் சொல்கிறது. தேடியதோடு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்த இடம். மூன்றாவதில்தான் சின்னவர் தோற்பார். அதிக ரிவ்யூ, அதிகப் படம், இணையத்தில் அதிகப் பேச்சு இருப்பவருக்கு அங்கே முன்னுரிமை.

ஆனால் இதில் கூகுளுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. மேப்பில் தொழிலைப் பதிவு செய்யும் வசதிக்கு இப்போது 'பிசினஸ் புரொஃபைல்' என்று பெயர். 2021 வரை 'மை பிசினஸ்'. பதிவு முழுக்க இலவசம். போன் மூலமாகவோ, கடையை வீடியோ எடுத்துக் காட்டியோ உறுதி செய்வார்கள். வீட்டில் வாடிக்கையாளரைச் சந்தித்து விற்கிறவர்களும் பதியலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. "கூகுள்ல இருந்து பேசுறோம் சார், உங்க கடையை மேப்புல முதலிடத்துக்குக் கொண்டுவர்றோம், வருஷத்துக்கு இவ்வளவு கட்டுங்க, இல்லைன்னா உங்க லிஸ்டிங் எடுத்துடுவோம்" என்று போன் வரும். அப்படிப் பேசுகிறவர் கூகுள் ஆள் இல்லை. பதிவுக்கோ, இடத்தை உயர்த்துவதற்கோ கூகுள் பணம் வாங்குவதில்லை. ஓடிபி கேட்டால் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் உங்கள் கடையின் பக்கமே அவர் கைக்குப் போய்விடும்.

ரிவ்யூ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். காசு கொடுத்து எழுத வைப்பதும், போட்டிக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போடுவதும் ஊரறிந்த ரகசியம். இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2022-ல் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கு ஒரு தரநிலை வெளியிட்டது. அதைப் பின்பற்றுவது விருப்பம்தான், கட்டாயம் கிடையாது.

'ஒரிஜினல் பட்டு எப்படிக் கண்டுபிடிப்பது?' கூகுள் பதிலில் உள்ள சிக்கல்

இந்தக் கேள்வியைத் தட்டிப் பாருங்கள். இப்போது பல நேரம் பக்கத்தின் மேலேயே செயற்கை நுண்ணறிவு தயாரித்த சுருக்கமான பதில் வருகிறது. இந்தியாவில் இது 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அதற்குச் சில வாரம் முன்பு ஜெமினி செயலி தமிழ் உட்பட 9 இந்திய மொழிகளில் வந்தது.

இணையம் முழுக்கச் சொல்லப்படும் பதில் ஒன்றுதான்: ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள், முடி கருகும் வாசனை வந்தால் பட்டு. இது தப்பில்லை. பட்டு புரதம் என்பதால் அப்படித்தான் கருகும். பாலியெஸ்டர் உருகி உருண்டை ஆகும்.

ஆனால் இந்தச் சோதனை சொல்வது நூல் பட்டா இல்லையா என்பதை மட்டும்தான். எங்கோ ஒரு விசைத்தறியில் நெய்த சுத்தமான பட்டுச் சேலையும் இதே சோதனையில் பாஸ் ஆகிவிடும். கைத்தறியா, காஞ்சிபுரமா என்று நெருப்புக்குத் தெரியாது.

முத்திரைகளிலும் இதே குழப்பம் நடக்கிறது. 'சில்க் மார்க்' மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாடு, 2004-ல் வந்தது. அது சொல்வது, இது அசல் பட்டு என்று. கையால் நெய்தது என்று சொல்லவில்லை. 'ஹேண்ட்லூம் மார்க்' சொல்வது, இது கைத்தறி என்று. எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஊரையும் முறையையும் சேர்த்துச் சொல்வது புவிசார் குறியீடு மட்டும்தான். சில்க் மார்க் சீட்டைக் காட்டி "பாருங்க, ஒரிஜினல் காஞ்சிபுரம்" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சீட்டு சொல்லாத ஒன்றை அவர் சொல்கிறார்.

நெசவில் பார்க்க ஒரு அடையாளம் உண்டு. கோர்வை. சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, ஒவ்வொரு இழையிலும் ஒன்றோடொன்று பூட்டப்படும். இதற்கு வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். முந்தியை உடலோடு இணைக்கும் வேலைக்குப் பேட்னி என்று பெயர். கரையும் உடலும் சேரும் இடத்தைச் சேலையின் உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் பூட்டு தெரியும். விசைத்தறியில் எளிதில் வராத வேலை இது. எல்லாக் காஞ்சிபுரம் சேலையும் கோர்வை கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜரிகை விஷயம் தனி. அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றி வெள்ளி இழை, அதன்மேல் தங்க முலாம். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, கருவி வைத்துத்தான் சோதிக்கணும்.

இதையெல்லாம் நாலு வரிச் சுருக்கத்தில் அடக்க முடியாது. சுருக்கம் படித்து முடித்ததும் கீழே உள்ள பக்கத்தைத் தொடாமலே நகர்கிறவர்கள்தான் அதிகம். பிழை அங்கே பிறக்கிறது.

ஒரு போட்டோ, நூறு நகல்

கூகுள் லென்ஸ் 2017-ல் வந்தது. சேலையைப் படம் எடுத்தால் அதே மாதிரி சேலை எங்கெங்கு கிடைக்கும், என்ன விலை என்று காட்டும். வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம்தான். பக்கத்து வீட்டுச் சேலையின் விலையை அவருக்குத் தெரியாமலே கண்டுபிடித்துவிடலாம்!

நெசவு செய்கிறவருக்கு? டிசைன் போட்டு, ஜக்கார்டு அட்டை வெட்டி, பாவு பிணைத்து ஒரு புது முந்தி கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும். அதன் போட்டோ வெளியே போன பிறகு, அதே பூ, அதே மயில், அதே நிறத்தில் அச்சிட்ட செயற்கை நூல் சேலை சில நூறு ரூபாயில் வரலாம். லென்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். அதற்குத் தெரிவது உருவம், நூல் அல்ல. டிசைனைப் பதிவு செய்தால் 10 ஆண்டும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்புக் கிடைக்கும் என்று 2000-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் வெளியிடுவதற்கு முன்பே பதிவுக்கு விண்ணப்பிக்கணும். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்ட பிறகு ஓடினால் பயன் இல்லை.

நல்ல பக்கமும் உண்டு. உங்கள் டிசைனை யார் எடுத்தார் என்று கண்டுபிடிக்கவும் இதே லென்ஸ் உதவும்.

கூலி வந்த சத்தம்

கூகுளின் எந்தப் பொருள் நெசவாளர் தெருவில் அதிகம் பேசப்படுகிறது என்று கேட்டால், தேடலைவிட ஜிபே என்றுதான் நான் சொல்வேன். 2017 செப்டம்பரில் 'தேஸ்' என்ற பெயரில் இந்தியாவில்தான் முதலில் வந்தது, தமிழ் மொழி வசதியோடு. அடுத்த வருடம் பெயர் கூகுள் பே என்று மாறியது. இந்திய யுபிஐ சந்தையில் ஃபோன்பே முதலிடம், கூகுள் பே இரண்டாமிடம். பலரும் எந்தச் செயலியில் அனுப்பினாலும் "ஜிபே பண்ணிட்டேன்" என்றுதான் சொல்கிறார்கள், அது வேறு கதை.

இதிலும் பொறி உண்டு. ஆன்லைனில் சேலை விற்கத் தொடங்கிய சின்ன வியாபாரிகளைக் குறிவைத்து ஒரு மோசடி நடக்கிறது. "ரெண்டு சேலை வேணும், பணம் அனுப்பிட்டேன், வந்த மெசேஜை ஓப்பன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கில் இருந்து பணம் போகிறது என்று அர்த்தம். இப்படித் தனிநபருக்குப் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை முறையை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நிறுத்திவிட்டது. ஆனால் க்யூஆர் கோடை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வதும், பணம் அனுப்பியதுபோலப் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டுவதும் நிற்கவில்லை.

பணம் சிக்கிக்கொண்டால் இன்னொரு தப்பு செய்கிறோம். 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று கூகுளில் தேடி, முதலில் வரும் நம்பருக்கு அடிக்கிறோம். மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரையே அங்கே போட்டு வைத்திருப்பது உண்டு. செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதிக்குப் போங்கள்.

இவ்வளவு பெரிய நிறுவனத்தை யார் கேட்பது?

கேட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன அதே சென்னைத் திருமணத் தள நிறுவனமும், நுகர்வோர் அமைப்பான கட்ஸும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தன. தேடல் முடிவுகளில் ஒருதலைப்பட்சம் காட்டியதாக 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு போன்கள் தொடர்பாக 1,337.76 கோடி. போன் வாங்கும்போதே கூகுள் தேடலும் செயலிகளும் அதில் உட்கார்ந்திருக்கின்றனவே, அந்த ஏற்பாடு பற்றிய வழக்கு அது.

அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் தன் ஏகபோகத்தைக் கூகுள் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடலே முதலில் இருப்பதற்காக 2021-ல் மட்டும் 26.3 பில்லியன் டாலர் கொடுத்தது அந்த வழக்கில் வெளியே வந்தது. 2025 செப்டம்பரில் அவரே தீர்வையும் சொன்னார். குரோமை விற்க வேண்டாம், ஆனால் வேறு எவரையும் சேர்க்கக்கூடாது என்ற ஒப்பந்தங்கள் போடக்கூடாது, சில தேடல் தரவுகளைப் போட்டியாளர்களுடன் பகிரணும்.

இதனால் பிள்ளையார்பாளையத்தில் நாளைக்கே ஏதும் மாறிவிடாது. கூகுளுக்குப் பதில் வேறு ஒரு தேடல் வந்தாலும், பக்கம் இல்லாத தறி அதிலும் வராது.

சேலை தேடுகிறவருக்கு என்ன வழி?

'காஞ்சிபுரம் பட்டு விலை' என்பதற்குப் பதில் 'காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம்' என்று தேடிப் பாருங்கள். அறிஞர் அண்ணா பெயரில், முருகன் பெயரில், காமாட்சியம்மன் பெயரில் என்று பல சங்கங்கள் ஊரில் இருக்கின்றன. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும் காஞ்சிபுரம் பட்டு விற்கிறது. சங்கத்தில் பில் கிடைக்கும், ஜரிகை என்ன ரகம் என்று கேட்டால் சொல்வார்கள். எந்தக் கடையாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊரில் நெய்தது, கைத்தறியா, ஜரிகை எந்த ரகம். பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

நேரில் போவதாக இருந்தால் கிளம்பும் முன் கடைக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். மேப்பில் 'திறந்திருக்கிறது' என்று காட்டும், போய்ப் பார்த்தால் உள்ளூர்த் திருவிழாவுக்காகப் பூட்டியிருக்கும்.

ஆன்லைன் பண மோசடியில் சிக்கினால் உடனே அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு.